அந்தக் காலி இடம் காலியாக இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய மைதானம் ஒன்றில் கட்டடம் வரப்போகிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஓர் உறுதிமொழியும் கூடவே வந்துவிடும். “மரங்களில் கை வைக்கமாட்டோம், ஓரத்துக் காலி இடத்தில்தான் கட்டுகிறோம்.” கேட்பவர்கள் பாதி சமாதானமாகிவிடுகிறார்கள். அந்தச் சமாதானம்தான் எனக்குப் பெரிய கவலை. மரம் உயிர் வாழ்வதே அந்தக் காலி இடத்தில்தான்.

பெருமரத்தின் வேர் கிணற்றுக் கயிறு மாதிரி நேரே கீழே இறங்குவதில்லை. பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறத்தாழ இரண்டடிக்குள், கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவிக் கிடக்கிறது. அதன்மேல் லாரி ஓடினாலே போதும், கோடரி வேண்டாம். மண் இறுகிவிடும், வேருக்கு மூச்சு முட்டும். மரம் உடனே சாகாது. சில ஆண்டுகள் தழைத்துக்கொண்டுதான் இருக்கும். பிறகு உச்சிக்கிளைகள் நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வரும். “விழுந்தால் ஆபத்து” என்று அப்போது வெட்டுவார்கள். கட்டடத்தை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

“ஒன்றுக்குப் பத்து கன்று நடுவோம்” என்பார்கள். 403 மர இனங்களை ஆராய்ந்து 2014-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, பெரும்பாலான இனங்களில் மரம் பருக்கப் பருக்க ஆண்டுதோறும் அது சேர்க்கும் எடையும் கூடுகிறது என்று காட்டியது. அதை விடுங்கள். முதுகு சாய்த்துச் சாய்த்தே வழவழப்பான அடிமரத்தையும், ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளப்படாத சின்னப் பையன் ‘கூப்பிடுவார்களா’ என்று பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அந்த வேர்முண்டையும் எந்தக் கன்று தரும்?

நிலம் ஆவணத்தில் எதற்காக ஒதுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றமே 1991-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்து, ஓர் அளவுநாடாவோடு மைதானத்துக்குப் போங்கள். அடிமரத்தின் விட்டத்தைப்போல 12 மடங்கு தூரம் மண்ணைக் காக்கவேண்டும் என்பது பிரிட்டனின் கட்டுமானத் தரவிதி. நமக்குச் சுலபமான கணக்கு, நெஞ்சுயரச் சுற்றளவைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. சுற்றளவு 3 மீட்டர் என்றால் எல்லாப் பக்கமும் 12 மீட்டர். ஒவ்வொரு மரத்துக்கும் வட்டம் போட்டு, அதையே திட்ட வரைபடத்திலும் குறித்து, கெடு முடிவதற்குள் ஆட்சேப மனுவோடு இணைத்துக் கொடுங்கள். ஓரத்துக் காலி இடம் என்று அவர்கள் காட்டியது அந்த வட்டங்களுக்குள் இருக்கும். நடுவில் மிஞ்சுவது ஆடுகளம்.