சேலத்து ட்ரான்ஸ்பார்மரைக் கருக்கின சூரியன்!

வணக்கமுங்க. 1989 மார்ச்ல, சூரியன்ல கிளம்புன காந்தப் புயல் ஒண்ணு சேலத்துல ஒரு பெரிய ட்ரான்ஸ்பார்மரோட காயிலைக் கருக்கிருச்சு. நிசமுங்க. ஆனா நம்ம சேலம் இல்ல. அமெரிக்காவுல நியூஜெர்சியில ஒரு சேலம் இருக்குது, அங்க இருக்கற அணுமின் நிலையத்துல. திட்டாதீங்க, தலைப்புல பொய் எதுவும் இல்ல!

பின்னணியை ஓட்டிர்றேன். சூரியன் காந்தப்புலத்தோட சேர்த்துப் பிளாஸ்மாவை, அதாவது மின்னேறுன சூடான வாயுவை வீசுது, ஒண்ணு ரெண்டு நாள்ல இங்க வந்து பூமியோட காந்தப்புலத்தை உலுக்குது. காந்தப்புலம் ஆடுனா கம்பியில மின்னழுத்தம் வரும். அவ்வளவுதான்.

இப்ப கணக்குக்கு வாங்க. கிலோமீட்டருக்கு 1 வோல்ட்னு வெச்சுக்குவோம். கம்பத்துல இருந்து உங்க கிணத்துக்கு 300 மீட்டர் ஒயர் போகுதுன்னா 0.3 வோல்ட். டார்ச் செல்லே 1.5 வோல்ட்டுங்க! அதனால "புயல் வருது, மோட்டார் போடாதீங்க"ன்னு வாட்ஸ்அப்புல வந்தா அழிச்சுருங்க. உங்க மோட்டார் காயில் போறது பெரும்பாலும் மூணு பேஸ்ல ஒரு பேஸ் கட்டாகி ஓடுறதாலயும் லோ வோல்டேஜாலயும் தண்ணியில்லாம ஓடுறதாலயும்தான்.

ஆனா 200 கிலோமீட்டர் உயரழுத்த லைன்னா 200 வோல்ட். அந்தச் சுத்துல மின்தடை மொத்தமே 5 ஓம்னா, 40 ஆம்பியர். அதுவும் டி.சி. மாதிரி ஒரே பக்கமா ஓடி, நிமிசக்கணக்குல மெதுவா மாறுற கரண்ட். ஒரு முனை ட்ரான்ஸ்பார்மரோட எர்த் கம்பி வழியா ஏறி, மறுமுனை எர்த்ல இறங்கும்.

இருக்கறதுலயே எனக்குப் பிடிச்ச இடம் இதுதானுங்க. ஆடிப் பதினெட்டுக்குப் புளியமரத்துல தூரி கட்டுவோமில்ல? ரெண்டு பக்கமும் செவுரு இருக்குதுன்னு நினைச்சுக்கோங்க. சரியா ஆடுனா எந்தச் செவுத்துலயும் இடிக்காது. ட்ரான்ஸ்பார்மர் இரும்புல காந்தம் அப்படித்தான், நொடிக்கு 50 தடவை இங்கிட்டும் அங்கிட்டும் ஆடுது. டி.சி. வந்து தூரியை ஒரு பக்கமாத் தள்ளிப் பிடிச்சா? ஒவ்வொரு ஆட்டத்துலயும் அந்தச் செவுத்துல ஒரு இடி. நொடிக்கு 50 இடி! இடிக்கிற ஒவ்வொரு தடவையும் இரும்புக்கு மேல காந்தம் ஏத்த முடியாம, கரண்ட் ஊசி மாதிரி எகிறும். காந்தம் இரும்பை விட்டு வெளிய கசிஞ்சு டேங்க்கையும் போல்ட்டையும் சூடாக்கும். உறுமல் கூடும், லைன் வோல்டேஜ் இறங்கும், அலைவடிவம் கோணலாகும்.

அந்தக் கோணல்தான் கனடாவுல கியூபெக்கை விழுத்தாட்டுச்சு. அதே 1989 மார்ச் 13, விடியக்காலம். வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்கிற ஏழு கருவிகளை, அதுகளோட பாதுகாப்பு ரிலேக்களே (கோளாறுன்னா தானா கழட்டி விடுற சுவிட்ச்) ஏமாந்து ஒரு நிமிசத்துக்குள்ள கழட்டி விட்டுருச்சு. சுமார் ஒன்றரை நிமிசத்துல மொத்த மாகாணமும் இருட்டு. 60 லட்சம் பேர், ஒன்பது மணி நேரம்!

கியூபெக்குக்கு அடியில பழங்காலக் கெட்டிப் பாறை. மின்சாரம் அதுக்குள்ள போக மாட்டாம லைனைத் தேடி வருது. நம்மூர்ல ஆயிரம் அடி போர் ஓட்டுறவங்களைக் கேளுங்க, இங்கயும் அதே கதைதான். பாறையில நாமளும் அவங்களும் பங்காளி! நம்மளைக் காப்பாத்துறது நாம இருக்கற இடம். துருவ ஒளி ஆடுற வளையத்துல இருந்து கோயமுத்தூர், 11 டிகிரியில, ரொம்பத் தள்ளி இருக்குது.

நமக்கு அடி விழுகுறது ஜி.பி.எஸ்.லதானுங்க. காந்த நடுக்கோடு தென்கோடியை ஒட்டிப் போறதால, நம்ம தலைக்கு மேல அயனி மண்டலம், அதாவது உயரத்துல மின்னேறிக் கிடக்குற காத்து அடுக்கு, சாதாரண நாள்லயே குழப்பமானது. ஜி.பி.எஸ். சிக்னல் அதைத் தாண்டித்தான் வரணும். புயல்ல சிக்னல் தாமதம் தாறுமாறா மாறும். 2024 மே 10 புயல்ல அமெரிக்காவுல, ஜி.பி.எஸ். பிடிச்சு ஓடுற டிராக்டர்களை விதைப்புக்கு நடுவுலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு.

அதனால ட்ரோன்ல மருந்து அடிக்கிறவங்க, டி.ஜி.பி.எஸ்.ல (ரெண்டு ரிசீவர் வெச்சுப் பிழையைக் கழிக்கிற ஜி.பி.எஸ்.) நிலம் அளக்கறவங்க, காந்தப் புயலோட வலுவைச் சொல்ற கே.பி. எண்ணைப் பாருங்க. 0ல இருந்து 9 வரைக்கும், மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு. 5 வந்தாப் புயல். 7 தாண்டுனா அன்னைக்கு அளவை தள்ளிப் போடுங்க. அளந்தே ஆகணும்னா, பேஸ் ரிசீவரை, அதாவது ஒரே இடத்துல நிக்கிற ரிசீவரை, வயலுக்குப் பக்கத்துலயே வைங்க. ரெண்டு ரிசீவருக்கும் ஒரே வானம்கிறதால பிழை பெரும்பாலும் கழிஞ்சுரும். திரையில ‘ஃபிக்ஸ்’ (துல்லியம் கிடைச்சிருச்சு) போய் ‘ஃப்ளோட்’னு (இன்னும் கிடைக்கல) வந்தா அந்தப் புள்ளியை எடுக்காதீங்க. அளவு தெரிஞ்ச ஒரு கல்லை ஆரம்பத்துலயும் முடிவுலயும் அளங்க. ரெண்டும் ஒத்துப் போகலைன்னா நடுவுல எடுத்தது அத்தனையும் மறுபடியும் அளக்கோணும். இல்லாட்டி வரப்புத் தகராறு பஞ்சாயத்துல போய் நிக்கும்!

உங்க ரிசீவர் சிங்கிள் ஃப்ரீக்வென்சியா (ஒரு அலைவரிசை), டூயலா (ரெண்டு அலைவரிசை)ன்னு மாடலைக் கமெண்ட்ல போடுங்க.