பந்தோடு கையும் வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்கல்வி சொல்லிக்கொடுப்பதிலேயே என் பணிக்காலம் கழிந்தது. கபடி, கோகோ, வாலிபால் என்று எல்லாவற்றுக்கும் பயிற்சி கொடுத்திருக்கிறேன். ஆனாலும் உங்களுக்குப் பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது, பறந்து வரும் பந்தைப் பிடிப்பதைப் பற்றித்தான் பேசவேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைக் கவனித்திருப்பீர்கள். மட்டை பிடிக்கச் சண்டை நடக்கும், பந்து வீசவும் சண்டை நடக்கும். எனக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று எந்தப் பிள்ளையும் வந்து நிற்பதில்லை. நாமும் "பார்த்துப் பிடி" என்று கத்துவதோடு சரி. எதைப் பார்ப்பது, எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

புதிதாகப் பிடிக்க வரும் பிள்ளை என்ன செய்கிறது? இரண்டு கைகளையும் விறைப்பாக முன்னே நீட்டுகிறது. பந்து அருகில் வந்ததும் முகத்தைத் திருப்பி, கண்ணை மூடிக்கொள்கிறது. பிறகு கைகளை நெஞ்சோடு சேர்த்து அணைக்கிறது. பந்து அதற்குள் தரையில் கிடக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சாமர்த்தியம் இல்லை என்று சொல்லிவிடுகிறோம். அங்கே இருப்பது பயம், வேறொன்றுமில்லை. திட்டினால் பயம் கூடும். அதனால் முதலில் பந்தை மாற்றுங்கள். காகிதத்தைச் சுருட்டிக் கட்டிய பந்து போதும், துணிப்பந்து போதும். அடுத்துக் காற்று குறைந்த ரப்பர் பந்து, அப்புறம் டென்னிஸ் பந்து. கார்க் பந்து கடைசியில்தான். பட்டால் வலிக்காது என்று தெரிந்துவிட்டால் கண் தானாகவே திறந்திருக்கும்.

இப்போது கொஞ்சம் கையை உயர்த்துங்கள். வீட்டில்தானே இருக்கிறீர்கள், யாரும் பார்க்கப்போவதில்லை. நெஞ்சுக்குக் கீழே வரும் பந்துக்குச் சுண்டுவிரல்கள் இரண்டும் ஒட்டியிருக்கவேண்டும், விரல்நுனிகள் தரையைப் பார்க்கவேண்டும். முகத்துக்கு நேரே வரும் பந்துக்கு அப்படியே திருப்புங்கள்: கட்டைவிரல்கள் சேர்ந்திருக்க, விரல்நுனிகள் வானத்தைப் பார்க்கட்டும். எந்தக் காரணத்துக்காகவும் விரல்நுனி பந்தை நோக்கி நேராக நீளக்கூடாது. விரல் பிசகுவது, நகம் பெயர்வது எல்லாம் பெரும்பாலும் அதனால்தான்.

அடுத்ததுதான் முக்கியம். பந்து கையில் பட்டதும் கை பின்னால் வரவேண்டும். பந்தோடு கையும் வரவேண்டும். கட்டடம் கட்டும் இடத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். கீழே நிற்பவர் செங்கல்லை மேலே எறிகிறார், சாரத்தில் நிற்பவர் வெறுங்கையால் வாங்கிக்கொள்கிறார். ஒரு கல் ஏறக்குறைய மூன்று கிலோ. கல் மேலேறி வேகம் தணிகிற இடத்தில் அவர் கை அதைச் சந்திக்கிறது. கல்லோடு சேர்ந்து சற்று மேலே போய், பிறகு இறங்குகிறது. கிரிக்கெட் பந்தின் எடை 163 கிராமுக்கு மேல் போகாது. அதை அசையாத கையால் மூன்று சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் ஓர் அடி விழுகிறது. முப்பது சென்டிமீட்டர் பின்வாங்கி நிறுத்தினால் உள்ளங்கையில் விழுவது அதில் பத்தில் ஒரு பங்குதான். பந்து எகிறிப் போவதும் குறைந்துவிடும். திரும்பவும் சொல்கிறேன், பந்தோடு கையும் வரவேண்டும்.

இந்த இடத்தில் ஏக்நாத் சோல்கரைச் சொல்லாமல் என்னால் மேலே போகமுடியாது. மும்பையில் ஒரு மைதானப் பராமரிப்பாளரின் மகன். 27 டெஸ்ட் ஆட்டங்களில் 53 கேட்ச். ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு! அவர் நின்றது ஷார்ட் லெக்கில், மட்டையாளரின் மூச்சுக்காற்று படும் தூரத்தில். அந்தக் காலத்தில் தலைக்கவசம் கிடையாது. 1971 ஆகஸ்ட், லண்டன் ஓவல் மைதானம். முதல் இன்னிங்ஸில் 90 ரன் அடித்த இங்கிலாந்து வீரர் ஆலன் நாட் மறுபடி ஆட வந்திருக்கிறார். வீசுகிறவர் நம் சென்னை வெங்கட்ராகவன். ஆலன் நாட் மட்டையில் பட்டுக் கிளம்பிய பந்துக்குச் சோல்கர் முன்னோக்கிப் பாய்ந்தார். உடல் முழுதும் தரையில் நீண்டு கிடக்க, புல்லுக்கு மேலே பந்து அவர் கையில் இருந்தது. நாட் ஒரு ரன்னில் வெளியேறினார். சந்திரசேகர் 38 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்தார், இங்கிலாந்து 101 ரன்னில் சுருண்டது, இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்டில் வென்றது. சந்திரசேகரின் பந்துவீச்சை எல்லோரும் பேசுகிறார்கள், பேசவேண்டியதுதான். நான் சோல்கரைத்தான் பேசுவேன். பாய்ந்தது பிறகு நடந்தது. அதற்கு முன்பே அவர் முழங்கால் மடங்கியிருந்தது, எடை முன்பாதத்தில் இருந்தது, தலை அசையாமல் இருந்தது. மட்டை சுழலும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறவருக்கு அந்தப் பந்து கண்ணிலேயே பட்டிருக்காது. பிள்ளைகளிடம் இந்தக் கதையை நான் சொல்வதே அதற்காகத்தான். கண் முதலில், கால் அடுத்தது, கை கடைசி.

பெண் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்க வராது என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒருநாளும் ஏற்றதில்லை. தம்பிக்கு எறிந்து கொடுத்த அளவுக்கு அக்காவுக்கு யாரும் எறிந்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்து நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். உயரமாக வரும் பந்தைப் பற்றி விரிவாகப் பேசவேண்டும் என்று நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்மன் என்ற இயற்பியலாளர் 1968இல் விளக்கிய வழி இது. உங்களை நோக்கி உயரமாக வரும் பந்தின் மேல் கண்ணை வையுங்கள். அது வரவர வேகமாக மேலே ஏறுவதுபோலத் தெரிந்தால் உங்கள் தலையைத் தாண்டிவிடும், பின்னால் போங்கள். ஏற்றம் தளர்வதுபோலத் தெரிந்தால் முன்னால் விழும், ஓடி வாருங்கள். ஒரே சீராக ஏறினால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பின்னால் போகும்போது பின்னங்கால் வைத்து நகராதீர்கள், உடலைத் திருப்பி ஓடுங்கள். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரிச்சர்ட்ஸ் தூக்கி அடித்த பந்துக்குக் கபில் தேவ் அப்படித்தான் திரும்பி ஓடினார்.

ரன் அவுட்டுக்காக எறியப்படும் பந்தைப் பற்றியும் ஒரு வரி. ஸ்டம்புகள் உங்களுக்கும் எறிபவருக்கும் நடுவில் இருக்கும்படி நில்லுங்கள். பந்து கைக்கு வந்த பிறகு ஸ்டம்பைத் தட்டுங்கள். நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.