நம்ம ஜவ்வரிசிக்கு வியாழக்கிழமையா, வெள்ளிக்கிழமையா?

வணக்கம் நண்பர்களே. பின்னால் வெள்ளையாகப் பரப்பியிருக்கிறதே, அது உப்பு இல்லை, ஜவ்வரிசி. சேலம் மாவட்டம் ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ மில்லின் களத்து ஓரம் நிற்கிறேன். காற்று கொஞ்சம் பலமாக இருக்கிறது. மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மில்லைச் சுற்றிக் காட்டுவேன், ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். அமெரிக்காவில் மேடிசன் என்ற ஊரில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பருவ வகுப்புகள் நடக்கும் மாதங்களில் வாராவாரம் மதியம் பன்னிரண்டு மணிக்கு உரைகள் வைப்பார்கள். கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்த வழக்கம் உண்டு. சில உரைகள் இணையத்திலும் கிடைக்கும்.

எனக்கு அந்த நேரம்தான் பிடித்திருக்கிறது. நம் கல்லூரிகளில் சிறப்புரை என்றால் எப்படி? குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, முன்னிலை வகிப்பவர், தலைமை வகிப்பவர். கடைசியில் சிறப்புப் பேச்சாளருக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். மதிய உரையில் அதற்கெல்லாம் இடமில்லை. ஒரு மணிக்குப் பலருக்கு வகுப்பு இருக்கும், அதனால் பேசுகிறவர் நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார். அச்சுக்குப் போகாத ஆய்வைக்கூட அங்கே வைத்துப் பேசுவார்கள். 'நீங்கள் சொல்வது சரியாக வரவில்லையே' என்று ஒரு மாணவர் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

சரி, இதற்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம்? அங்கே வியாழக்கிழமை உரை தெற்காசியாவைப் பற்றியது. வெள்ளிக்கிழமை உரை தென்கிழக்காசியாவைப் பற்றியது. ஒரே கட்டடம், இங்கிரகாம் ஹால். கிழமைதான் வேறு, நடத்தும் ஆய்வு மையமும் வேறு. இந்தியா வியாழனில் வரும், மலேசியா வெள்ளியில் வரும்.

இப்போது இந்த ஜவ்வரிசி மணியைக் கிட்டத்தில் பாருங்கள். குச்சிக்கிழங்கைத் தோல் உரித்து, கழுவி, அரைத்துப் பால் எடுத்துத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் படியும். அந்த ஈரமாவைக் குலுக்கக் குலுக்க இப்படி உருண்டையாகத் திரளும். பிறகு சல்லடை, சூடான தகட்டில் வறுவல், களத்தில் உலர்த்தல். அதோ அந்த அக்கா பலகையால் வரிவரியாகக் கிளறிவிடுகிறார் பாருங்கள். அடிப்பக்கம் ஈரம் நின்றால் கட்டி பிடித்துவிடுமாம்.

ஆதியில் சேகோ என்பது கிழங்கிலிருந்து வந்ததே இல்லை. தென்கிழக்காசியாவில் ஒருவகைப் பனை இருக்கிறது. அதன் தண்டுக்குள் இருக்கும் மாவில் செய்வது. இரண்டாம் உலகப்போருக்கு முன் நமக்குச் சேகோ மலாயா (இன்றைய மலேசியா), சிங்கப்பூர் பக்கமிருந்து கப்பலில் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது, சரக்கு நின்றது. சேலத்தில் மீன் வியாபாரம் செய்த மாணிக்கம் செட்டியார் கேரளத்துக்குப் போய்வந்தவர். அங்கே மலாயாவின் பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷாவைச் சந்தித்தார். மணி உருட்டும் வித்தை ஷாவுக்குத் தெரியும். 1943ல் இருவரும் சேலத்தில் தொழிலை ஆரம்பித்தார்கள். அதே தொழில் வளர்ந்து, 1981ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வரைக்கும் வந்தது.

இந்தக் கதையை எந்தக் கிழமையில் பேசுவது? வியாழனில் பேசினால் பினாங்கு வெட்டுப்படும். வெள்ளியில் பேசினால் ஆத்தூர் வெட்டுப்படும்.

இன்னொரு வேடிக்கை, அதே 1943ல்தான் நேச நாடுகள் தென்கிழக்காசியப் படைத்தலைமையை அமைத்தன. மவுண்ட்பேட்டன் தலைவர். மறுவருஷம் தலைமையகம் எங்கே வந்தது தெரியுமா? கண்டிக்கு. இன்றைய கணக்கில் இலங்கை வியாழக்கிழமைக்காரர்! போர்க்காலத்தில் போட்ட கோடுதான் பின்னால் பாடத்திட்டத்திலும் ஏறிக்கொண்டது. சோவியத் ரஷ்யா 1957ல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விட்டது. அமெரிக்கா பதறிப்போய் 1958ல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு மொழிகளுக்கும், தெற்காசியா, தென்கிழக்காசியா என்று உலகைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் படிக்கும் ஆய்வு மையங்களுக்கும் அந்தச் சட்டம் வழியாகத்தான் அரசுப் பணம் பாய்ந்தது. தமிழ் அங்கே வகுப்பறைக்குள் வேரூன்றியதில் அதற்கும் பங்கு உண்டு. அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. பணம் வந்த வழியில் துறை பிரிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் நாம் ஏன் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் சேலமும் ஒன்று. தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி வந்து ஊர்க்காரர்களைக் கூட்டிப்போனது 1938 வரை நடந்தது. இங்கே பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்லூரிகள் இருக்கின்றன. யாராவது வாரத்தில் ஒரு மதியம் ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்தால் போதும். ஒரு வாரம் கிழங்கு விவசாயி, ஒரு வாரம் வரலாற்று ஆசிரியர், ஒரு வாரம் ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். பொன்னாடை வேண்டாம், டிபன் பாக்ஸ் போதும்.

உங்கள் தாத்தா பாட்டி யாராவது மலாயா போய்த் திரும்பியிருந்தால், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோ அதை வைத்துத்தான்.

மேடிசன் உரையை நேரலையில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. அவர்களுடைய மதியம் பன்னிரண்டு, நமக்கு இரவு பத்தரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் பதினொன்றரை ஆகிவிடும். தூங்கிப்போனால் என்னைத் திட்டாதீர்கள்.