குமரி மாவட்டத்தில் மல்லி, பிச்சி கவாத்து: எப்போது, எப்படி வெட்டுவது?

[காட்சி: மழை நனைத்த மல்லித் தோட்டம், தோவாளைப் பக்கம்]

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு (சாதிமல்லி) டிசம்பர் கடைசி வாரம். கவாத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் தேதி இது. ஆனால் குமரி மாவட்டத்தில் நவம்பர் கடைசியில் மழை ஓய்ந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2017-இல் ஒக்கி புயல் வந்ததே நவம்பர் 30 அன்றுதான். அதனால் தேதி வந்துவிட்டதே என்று அடைமழையில் கத்தி எடுக்காதீர்கள். தொடர்ந்து நான்கைந்து நாள் வெயில் கிடைக்கும்வரை பொறுங்கள். பத்து நாள் தள்ளிப்போனால் பூ கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாய் வழியே பூஞ்சாணம் இறங்கி, கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும்.

வெட்டாமலே விட்டால் என்ன? மல்லி புதுத் துளிரில்தான் மொட்டு வைக்கும். பழைய கொம்பு இலையைத்தான் தள்ளும்.

[காட்சி: கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுதல்]

வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் மூட்டை, அதாவது செடியின் அடியைச் சுற்றிய பாத்தியை உடைத்து, நீர் வடிய ஒரு சால் இழுத்துவிடுங்கள். கிளைகளைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டிக்கொண்டால் உயரம் ஒரே சீராக வரும். தரையிலிருந்து மல்லிக்கு 50 சென்டிமீட்டர், பிச்சிக்கு 45. கிட்டத்தட்ட முழங்கால் உயரம்.

வெட்டுகத்தியால் ஓங்கி வெட்டுவதுதான் பலருக்கும் பழக்கம். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் பட்டை கிழியும், கொம்பு பிளக்கும். கவாத்துக் கத்தரிக்கோலே போதும். தடித்த கொம்புக்குச் சின்ன வாள். கணுவுக்கு மேலே அரை சென்டிமீட்டர் விட்டு, சாய்வாக வெட்டுங்கள். வெளிப்பக்கம் பார்த்த கணுவாக இருந்தால் துளிர் வெளியே விரியும், நடுவில் காற்றோட்டம் இருக்கும். பிறகு காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, உள்ளே வலுவில்லாமல் சோம்பிக் கிடப்பது எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். மிச்சமிருக்கும் பழைய இலைகளையும் உருவிவிடுங்கள். செஞ்சிலந்தியும் இலைப்புள்ளி நோயும் அவற்றில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

[காட்சி: பிளாஸ்டிக் வாளியில் பசை கலக்குதல்]

தடித்த வெட்டுவாய்களுக்குப் போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை வேறொரு அரை லிட்டரில் நீற்றி, ஆறவிடுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கிளறுங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டும், இரும்பு கூடாது. ஒரு இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே பூசித் தீர்த்துவிடுங்கள்.

உரம்: வளர்ந்த குண்டுமல்லி மூடு ஒன்றுக்கு மக்கிய தொழுவுரம் 10 கிலோ. கூடவே யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். இந்த மூன்று உரமும் ஆண்டுக்கான அளவில் பாதி. மறுபாதி ஜூன், ஜூலையில். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகப் போட்டு மண்ணைக் கொத்தி மூடுங்கள். தண்டோடு ஒட்டிப் போட்டால் வேர் கருகும். சருகு மூடாக்கும் அப்படித்தான், தண்டைத் தொடக்கூடாது.

[காட்சி: மார்கழிக் காலை, இலையில் பனி]

நம் ஊர்ப் பனி செடியை உறைய வைக்காது. ஆனால் இலை காலை வெகுநேரம் காயாமல் இருக்கும். சாயங்காலமும் தண்ணீர் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம்தான். காலையில், மூட்டில் மட்டும் ஊற்றுங்கள்.

துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளியுங்கள். அடி இலையிலிருந்து மஞ்சளேறி, மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால் அது வேரழுகல். காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து மூட்டில் ஊற்றுங்கள். முதலில் தண்ணீர் வடியட்டும், இல்லையென்றால் மருந்து வீண். மொட்டு ஊதா நிறமேறி விரியாமல் நின்றால் மொட்டு ஈ. அந்த மொட்டுகளைப் பறித்து எரியுங்கள். அதன் புழு மண்ணில்தான் கூட்டுப்புழுவாகும், அதனால் மூட்டு மண்ணைக் கிளறிவிடுவதும் பயன் தரும்.

பிச்சி வைத்திருப்பவர்கள் டிசம்பரில் வெட்டத் தயங்குவது நியாயம்தான். பனிக்காலத்தில் வரத்து குறைந்து, தோவாளைச் சந்தையில் விலை ஏறியிருக்கும் நேரம் அது. பாதி வரிசையை டிசம்பரிலும் மீதியைப் பொங்கல் கழிந்தும் வெட்டலாம். எல்லாவற்றையும் மாசிக்குத் தள்ளுவது மட்டும் வேண்டாம். இளந்துளிர் கோடை வெயிலில் மாட்டிக்கொள்ளும்.

வெட்டிய கொம்பை எல்லாம் குப்பையாக்க வேண்டாம். நோயில்லாத, நடுத்தர முற்றலான கொம்பில் 15 சென்டிமீட்டர் துண்டுகள் எடுங்கள், மூன்று நான்கு கணு இருக்கட்டும். மேல்வெட்டு நேராகவும் கீழ்வெட்டு சாய்வாகவும் இருந்தால் தலைகீழாக நடும் குழப்பம் வராது. ஈர மணலில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, நிழலில் வையுங்கள்.