குணச்சித்திர நடிகைக்குத் தாய்வீடு மேடையே!

நடுவர் அவர்களே, வணக்கம். குணச்சித்திர நடிகையை உருவாக்குவது நாடக மேடையா, சினிமா கேமராவா? மேடைதான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? மேடையில் பழகியவர் க்ளோசப்பில் கத்துவார், புருவத்தை ஆட்டுவார் என்றார். நடக்கிறது, மறுக்கவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து எடுத்த குரல், தலைக்கு மேலே மைக் தொங்கும்போது மிகையாகத்தான் ஒலிக்கும். மூச்சை அப்படியே வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் இறக்கினால் சரியாகிவிடும். இருப்பதைக் குறைக்கலாம் ஐயா, இல்லாததை எங்கே போய் வாங்குவது?

குணச்சித்திர வேடத்துக்குப் பல நேரம் நாலைந்து நாள் கால்ஷீட்தான். வசனப் பேப்பர் காலையில் கைக்கு வரும். மகன் செத்த காட்சியை முதல் நாளே எடுத்துவிடுவார்கள், அவன் கல்யாணம் மூன்றாம் நாள். ஒரு பாத்திரத்தை முதல் மணியிலிருந்து கடைசித் திரை வரை ராத்திரிக்கு ராத்திரி சுமந்தவருக்குத்தான், துண்டு துண்டாக எடுத்தாலும் துக்கத்தின் அளவு பிசகாது.

ஆச்சி மனோரமாவைப் பாருங்கள். பள்ளத்தூர் பாப்பா என்று நாடகத்தில் பேர் வாங்கிய பிறகுதான் 1958-ல் 'மாலையிட்ட மங்கை'. 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணி, அந்த வேடமே ஒரு நாடக நடிகை! நாயனத்தில் வரும் சத்தத்தைப் பற்றி, படத்தின் நாயகனான நாதஸ்வர வித்வான் சண்முகசுந்தரத்திடம் வெள்ளந்தியாகக் கேட்கிறாரே, சிரிக்க வைக்கிறோம் என்ற நினைப்பு முகத்தில் துளியாவது தெரிகிறதா? சிரிப்பு வேடத்தோடு நின்றவரும் இல்லை. 'புதிய பாதை'க்காகச் சிறந்த துணை நடிகை என்று தேசிய விருது வாங்கியவர்.

மேடையில் சிரிப்பு எழும்பிப் பாதி இறங்கும்போது அடுத்த வசனத்தைத் தொட வேண்டும். முந்தினால் வசனம் சிரிப்பில் முங்கும். முழுசும் அடங்கட்டும் என்று நின்றால் காட்சி தொய்யும். படப்பிடிப்பிலோ யாரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் டேக் போச்சு! அப்போது அந்த இடைவெளியை எதைக்கொண்டு அளப்பது? ஊர் ஊராகச் சனம் சிரித்துச் சிரித்துப் பழக்கிவிட்ட காதைக்கொண்டுதான்.

எடிட்டர் பார்த்துக்கொள்வார் என்றார்கள். தனித்தனி ஷாட் என்றால் பார்த்துக்கொள்வார். இரண்டு பேர் ஒரே ஃப்ரேமில் நின்று பேசும்போது நடுவில் வெட்டினால் படம் குதிக்கும். அங்கே எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதை நடிகை ஒருத்திதான் முடிவு செய்கிறாள், நடுவர் அவர்களே.