எத்தனை முறை பயன்படும்?

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் இருக்கும் வீட்டைச் சிக்கனமாகவும் சுற்றுச்சூழலுக்கு அதிகம் தீங்கு செய்யாமலும் நடத்துவது பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை வளர்த்து, பல ஆண்டுகளாக ஒரு குடும்பத்தின் வரவுசெலவைக் கவனித்து வருபவள் என்ற முறையில் பேசுகிறேன்.

சூழலைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் நம்மில் பலர் முதலில் செய்வது எதையாவது வாங்குவதுதான். மூங்கில் பல்துலக்கியும் கண்ணாடிப் புட்டிகளும் அழகான துணிப்பைகளும் வீட்டுக்கு வந்து சேர, ஏற்கெனவே இருந்த நல்ல பொருள்கள் குப்பைக்குப் போகின்றன. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது, ஒரு பொருள் எதனால் ஆனது என்று பார்ப்பதற்கு முன்னால், அது எங்கள் வீட்டில் எத்தனை முறை பயன்படும் என்று கேட்கிறேன். சின்னக் குழந்தைக்கும் புரியும் கேள்வி இது. குடும்பத்தின் பணத்துக்கும் பூமியின் நலத்துக்கும் ஒரே சமயத்தில் கணக்குக் கேட்கும் கேள்வியும் இதுவே.

துணிப்பையையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-ஆம் ஆண்டில் பல வகைப் பைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. புவி வெப்பமாதலை மட்டும் கணக்கில் கொண்டால், சாதாரணப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேலானதாகும் என்றும், நீர், நிலம் உள்ளிட்ட எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எண்ணிக்கை 7,100 ஆகிறது என்றும் அது கூறியது. நாள்தோறும் ஒரு முறை எடுத்துச் சென்றாலும் 7,100 என்பது பத்தொன்பது ஆண்டுகளைத் தாண்டிவிடும். தெருவிலும் கடலிலும் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக்கின் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகையால் பிளாஸ்டிக் பைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டில் ஐந்து துணிப்பைகள் இருக்க, ஆறாவதை வாங்குவது சூழலுக்குச் செய்யும் தொண்டாகாது. இருக்கும் ஐந்தும் கிழிந்தால் தைத்து, தைக்க முடியாத நிலையில் தரை துடைக்கும் துணியாக்கி, முழுவதும் நைந்து போகும்வரை பயன்படுத்துவதே தொண்டு.

குழந்தை பிறந்த வீடுகளில் இதே கேள்வி டயப்பர் உருவில் வருகிறது. பயன்படுத்தியதும் எறிந்துவிடும் டயப்பரா, துவைத்துக் கட்டும் துணியா? 2008-இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வு, ஒரு குழந்தையின் முதல் இரண்டரை ஆண்டுகளுக்கு எறியும் டயப்பரால் ஏறத்தாழ 550 கிலோவும், சராசரி முறையில் துவைக்கும் துணியால் ஏறத்தாழ 570 கிலோவும் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியீடு ஏற்படுவதாகக் கணக்கிட்டது. இதைப் படித்தபோது என் மனம் சோர்ந்துவிட்டது, ஏனென்றால் என் மூத்த பிள்ளைக்கு இரவும் பகலும் துணி துவைத்தவள் நான். ஆனால் அந்த ஆய்வு அத்தோடு நிற்கவில்லை: இயந்திரம் நிறையும் அளவுக்குத் துணி சேர்ந்த பின் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் போடாமல் வெளியில் கொடியில் காயவைத்து, அதே துணிகளை இரண்டாவது குழந்தைக்கும் கட்டினால், அந்த 570 கிலோவில் 200 கிலோ வரை குறைந்துவிடும் என்றது. எறியும் டயப்பரும் துணியும் அருகருகே நின்ற நிலை மாறியது, துவைக்கும் வழக்கத்தாலும் அடுத்த குழந்தைக்கு எடுத்து வைத்த முன்யோசனையாலும்தான். கைக்குழந்தையோடு தூக்கமின்றித் தவிக்கும் தாய்மார் டயப்பரைப் பயன்படுத்துவதைக் குற்றமாக யாரும் பேசக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பகலில் துணியும் இரவில் டயப்பருமாக வைத்துக்கொண்டாலும் எறியும் டயப்பர்களின் எண்ணிக்கை குறைகிறது.

சிக்கனத்துக்கு எல்லையும் உண்டு. ஒரு முறை பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே அதன் தாங்கும் திறன் போயிருக்கலாம். அதையும், முன்பு விபத்தில் சிக்கியதா என்று தெரியாத காரின் குழந்தை இருக்கையையும் அடுத்த பிள்ளைக்குக் கைமாற்றக் கூடாது. வீட்டிலேயே துப்புரவுத் திரவம் தயாரிக்க நினைப்பவர்கள் பிளீச்சிங் திரவத்தோடு வினிகரைக் கலந்துவிடாதீர்கள், அதிலிருந்து நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும்.

இனிச் சமையலறை. உலகில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் அறுபது விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உணவகங்களும் கடைகளும் சேர்ந்து வீணாக்குவதைவிட நம் வீட்டுத் தட்டுகளும் குளிர்பதனப் பெட்டிகளும் வீணாக்குவது அதிகம். அந்த உணவு குப்பை மேட்டின் அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு.

குழந்தைகளுள்ள வீட்டில் தட்டில் மிஞ்சுவதைத் தடுக்க, 'மிச்சம் வைக்காதே' என்று மிரட்டுவது நல்ல வழியன்று. வயிறு நிறைந்த பிறகும் உண்ணப் பழகும் பிள்ளை தன் பசியின் அளவை மறந்துவிடும். முதலில் கொஞ்சமாகப் பரிமாறி, வேண்டுமானால் மறுபடியும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையைக் கொடுத்துவிட்டால், மிஞ்சுவது தட்டில் அல்லாமல் பாத்திரத்தில் மிஞ்சும். பாத்திரத்தில் மிஞ்சியதை எடுத்து வைத்து மறுவேளைக்குப் பயன்படுத்தலாம்.

எரிபொருள் விஷயத்திலும் ஒன்று சொல்கிறேன். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பின் அடுப்பை எவ்வளவு பெரிதாக எரியவிட்டாலும், திறந்த பாத்திரத்தில் அதன் சூடு கொதிநிலையைத் தாண்டுவதில்லை. மேற்கொண்டு தரும் வெப்பம் முழுவதும் ஆவியாகிப் போகிறது. அறையின் சூட்டிலிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பத்தைப் போல் ஏழு மடங்கு வெப்பம் அதை முழுவதும் ஆவியாக்கச் செலவாகும். எனவே கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி வைத்தால், சமையல் அதே நேரத்தில் முடியும், எரிபொருளும் மிஞ்சும். பள்ளியில் பௌதிகம் படிக்கும் பிள்ளையிடம் இதை விளக்கச் சொல்லுங்கள், அதன் பிறகு அடுப்பைக் கவனிக்கும் பொறுப்பை அதுவே எடுத்துக்கொள்ளும்.

விளையாட்டுப் பொருள்களைப் பற்றிப் பேசாமல் இந்த உரை முழுமையாகாது. அமெரிக்காவின் டோலிடோ பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், 36 சிறு குழந்தைகளை ஒரு முறை நான்கு பொம்மைகளோடும் மற்றொரு முறை பதினாறு பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். நான்கே இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம் இருந்தார்கள், ஒரே பொம்மையைப் பல விதமாகவும் பயன்படுத்தினார்கள். அதை அறிந்த பின் நாங்கள் வீட்டிலிருந்த பொம்மைகளில் பெரும்பகுதியை ஒரு பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிட்டோம். மாதம் ஒரு முறை கொஞ்சத்தை இறக்கி, கொஞ்சத்தை ஏற்றுகிறோம். இறங்கி வரும் பழைய பொம்மை புதிதாக வந்த பொம்மையின் வரவேற்பைப் பெறுகிறது.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். விளக்கை அணைத்தால் காசு, குழாயை இறுக மூடினால் காசு என்று சில காலம் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். காசு நின்ற வாரமே விளக்குகள் எரியத் தொடங்கின. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஒரு பரிசோதனையைப் பற்றிப் பின்னர்தான் படித்தேன். படம் வரைவதில் விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலருக்கு மட்டும் 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்களாம். தானாக இருந்த ஆசையைப் பரிசு விலைக்கு வாங்கிவிட்டது.

அதன் பிறகு காசுக்குப் பதிலாகப் பொறுப்பைக் கொடுத்தோம். பூமி அழியப் போகிறது என்று பயமுறுத்தியும் பேசுவதில்லை. தன்னால் எதுவும் செய்ய முடியாத அச்சத்தைக் குழந்தையின் தலையில் ஏற்றுவது கொடுமை. மூத்தவள் பொத்தான் தைக்கவும் கிழிசலை ஒட்டுப்போடவும் கற்றுக்கொண்டாள், வீட்டில் எல்லார் துணியும் இப்போது அவளிடம்தான் போகிறது. இளையவனுக்குக் குளிர்பதனப் பெட்டியின் முன்தட்டு. விரைவில் கெடக்கூடியவற்றையெல்லாம் அந்தத் தட்டில் எடுத்து வைப்பதும், மாலையில் அதைப் பார்த்து எது இன்றே தீர வேண்டும் என்று சொல்வதும் அவன் வேலை. அவன் சொன்ன பிறகுதான் அன்றிரவு என்ன சமையல் என்று நான் முடிவு செய்கிறேன்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.