அந்தரத்தில் எப்படிக் குதிக்கிறான்?

(கடலூரில் பள்ளி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வணக்கம்.

போன வாரம் என் அக்கா மகன் செல்போனில் ஒரு விளையாட்டைக் காட்டினான். "மாமா, இவன் பாறையை விட்டு வெளியே வந்துட்டான். காலுக்கடியில ஒண்ணுமே இல்ல. இப்ப ஜம்ப் அமுக்கினாலும் குதிக்கிறான். தப்புதானே?"

தப்புதான். சில்வர் பீச் மணலில் நீங்கள் குதிக்கும்போது காலால் தரையை உதைக்கிறீர்கள். தரை உங்களைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. அந்தரத்தில் உதைக்க என்ன இருக்கிறது? ஆனால் விளையாட்டைச் செய்தவர்கள் அந்தத் தப்பைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள்.

முன்வரிசைத் தம்பி, மேலே வா. இது 30 செ.மீ. ஸ்கேல். பூஜ்யத்துக்கு நேராக விரல்களை விரித்து வை. நான் சொல்லாமல் விடுவேன், பிடிக்க வேண்டும்... சபாஷ்! எங்கே பிடித்தாய்? 18. சரி, ஒரு பொருள் 18 செ.மீ. விழ ஏறக்குறைய 0.19 வினாடி ஆகும். கண் பார்த்து, மூளை உத்தரவிட்டு, விரல் மூட அவ்வளவு நேரம். தம்பி மந்தம் இல்லை. நம் எல்லோருக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

விளையாடும்போதும் அதே விரல்தான். ஓரத்திலேயே அழுத்தினேன் என்று சத்தியம் செய்வீர்கள், ஆனால் ஆள் அதற்குள் தாண்டியிருப்பான். அதனால் 2018இல் வந்த செலஸ்ட் என்ற வீடியோ விளையாட்டில், ஓரத்தைத் தாண்டிய பிறகும் ஜம்ப் அமுக்க 0.1 வினாடி கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் நிஜ மனிதன் விழுந்தாலும் 5 செ.மீ.தான் இறங்குவான், கணுக்கால் உயரம்கூட இல்லை. கண்ணுக்கு உறுத்துமா? இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். மனிதக் கையைப் புரிந்துகொண்டு செய்த வேலை, எனக்கு மிகவும் பிடித்த வேலை.

அப்புறம், சில விளையாட்டுகளில் சுவரைத் துளைத்துப் போகும் பந்து. இது நிஜமான பிழை. திரை வினாடிக்கு 60 முறை மாறுகிறது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருமுறைதான் கணினி பந்தின் இடத்தைக் கணக்கிடுகிறது என்று வைப்போம். மணிக்கு 90 கி.மீ. வேகப் பந்து ஒரு மாற்றத்துக்குள் 42 செ.மீ. போய்விடும். ஒன்பது அங்குலச் சுவரின் கனம் 23 செ.மீ.தான். இப்போது சுவருக்கு முன்னால், அடுத்த கணக்கில் சுவருக்குப் பின்னால். பந்து சுவருக்குள் இருந்த நேரத்தைக் கணினி பார்க்கவே இல்லை.

இரண்டு இடங்களுக்கும் நடுவே கோடு போட்டு, அது சுவரை வெட்டுகிறதா என்று பார்த்தால் பந்து பிடிபடும். நோட்டை எடுங்கள். ஒரு சுவர் வரைந்து, இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். தம்பி, ஸ்கேல் உன் கையில்தான் இருக்கிறது. முதல் கோட்டை நீ போடு.